முகங்களும் பெயர்களும்: நெகிரி செம்பிலான் தோட்ட மலர்களில் மண்டபமும் நிழற்படமும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுத முற்பட்டோர் பெரும்பாலும் இரு வழிகளில் ஒன்றையே தேர்ந்துகொண்டனர். குடியேற்றம், கூலி, தொழிற்சங்கம், குடியுரிமை என்னும் பெரும்பொருள்களைக் கொண்டு நாடு முழுவதையும் ஒரு நூலுள் அடக்குவது முதல் வழி. கெர்னியல் சிங் சந்து 1969இலும் சின்னப்பா அரசரத்தினம் 1970இலும் வெளியிட்ட நூல்கள் இதற்குத் தலையாய சான்றுகளாகும். ஒரே தோட்டத்தை எடுத்துக்கொண்டு அதன் வாழ்வை நுணுகி ஆராய்வது மற்றொரு வழி. ரவீந்திர ஜெயின் 1970இல் வெளியிட்ட மானிடவியல் நூல் இவ்வகையில் முன்னோடியானது. ஆயினும் அந்நூலில் தோட்டம் 'பால் மெலாயு' என்னும் புனைபெயரிலேயே வருகிறது. மானிடவியல் நெறிப்படி அது சரியானதே. எனினும், முதல் வழியில் ஊருக்கு இடமில்லை. இரண்டாம் வழியில் ஊருக்குப் பெயரில்லை.

தோட்டத்தின் உண்மைப் பெயரை அட்டையில் தாங்கி வருபவை மலர்களே. கோயில் குடமுழுக்கு மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு நிறைவு மலர், பழைய மாணவர் ஒன்றுகூடல் மலர் எனப் பலவாறாக வெளிவரும் இவற்றைப் பல்கலைக்கழகத்தார் தகவல் எடுத்துக்கொள்ளும் சுரங்கமாகப் பயன்படுத்தியதுண்டு. எழுத்தாகக் கொண்டு மதிப்பிட்டது அரிது. நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிறப்பாக ரந்தாவ், சிலியாவ் வட்டாரத்தில் நாம் கண்ட மலர்களை முன்வைத்து, அவை தோட்ட மண்டபத்தையும் பழைய நிழற்படங்களையும் எவ்வாறு கையாள்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இரு நாட்டு வரைபடங்களில் ஒரே பெயர்

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் நோக்கிச் செல்லும் நிலப்பகுதி, இம்மாநிலத்துத் தோட்ட வரலாற்றின் தொன்மையான பகுதிகளுள் ஒன்று. சுங்கை ஊஜோங் இரயில் பாதை 1891இல் இவ்விரு ஊர்களையும் இணைத்தது. ஹெஸ்லோப் ஹில் போன்ற ஆங்கிலத் தோட்டக்காரர்கள் இவ்வட்டாரத்தில் முதலில் பயிரிட்டது காப்பி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பியின் விலை சரிந்ததும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிலங்கள் இரப்பருக்கு மாறின. லின்சம், கொம்போக், அத்தர்டன், பிராட்வால், செயின்ட் லியோனார்ட், சுவா பெத்தோங் எனத் தோட்டங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக நின்றன.

இப்பெயர்களுள் சில இங்கிலாந்தின் வரைபடத்திலும் உள்ளன. பிராட்வால் செஷயர் மாவட்டத்துச் சிற்றூர். அத்தர்டன், பழைய லங்காஷயரின் நிலக்கரி, பருத்தி ஆலை ஊர். லாபுவில் உள்ள தோட்டத்தின் பெயரான கிர்பி இங்கிலாந்தில் பல சிற்றூர்களுக்கு உரியது. ஆகவே பிராட்வால் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உலகில் இருந்தன எனலாம். ஒன்றில் குடியானவர்கள் வாழ்ந்தனர். மற்றொன்றில் பால்வெட்டுத் தொழிலாளர்கள் வாழ்ந்தனர். இவ்விரு வகை ஊர்களும் தத்தம் வரலாற்றை எவ்வாறு எழுதிக்கொண்டன என்று ஒப்பிடுதல் இங்குப் பயன்தரும்.

ஆங்கிலச் சிற்றூரும் அதன் வரலாறும்

இங்கிலாந்தில் ஊர் வரலாறு எழுதுதல் நெடுங்காலம் நிலக்கிழாரின் பொழுதுபோக்காக இருந்தது. நிலவுடைமை, தேவாலயம், பிரபுவின் மாளிகை ஆகியனவே அவ்வரலாறுகளின் பொருள். 1948இல் லெஸ்டரில் ஆங்கில வட்டார வரலாற்றுக்கெனத் தனித்துறை தோன்றியது. அதற்கு வித்திட்ட ஹோஸ்கின்ஸ், 1955இல் ஆங்கில நிலக்காட்சியின் உருவாக்கத்தைப் பற்றியும், 1959இல் வட்டார வரலாறு எழுதும் முறையைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். வேலி, பாதை, வயலின் வடிவம் ஆகியனவும் ஆவணங்களே என்பது அவரது கொள்கை.

அதே காலத்தில் ஜார்ஜ் யூவர்ட் எவன்ஸ், சஃபோக் பகுதியின் பிளாக்ஸால் என்னும் சிற்றூரில் வாழ்ந்துகொண்டு, வைக்கோலும் புல்லும் அறுத்த முதிய கூலியாட்களின் பேச்சைக் கேட்டு எழுதினார். அந்நூல் 1956இல் வெளிவந்தது. நிலவுடைமையாளரின் ஆவணத்தில் இல்லாத உழைப்பின் சொற்களும் கருவிகளும் அவ்வாறே ஏடேறின. 1965இல் ஆங்கில நாட்டு மகளிர் கழகங்கள் தம் பொன்விழாவையொட்டி ஊர்தோறும் ஒட்டுப்படப் புத்தகங்களைத் தொகுத்தன. கடைச் சிட்டை, தையல் துணித் துண்டு, அன்றாட வாழ்வின் நிழற்படம் ஆகியவற்றை ஒட்டி, கீழே கையால் விளக்கம் எழுதினர். அந்நூல்கள் பல இன்று ஆவணக் காப்பகங்களில் உள்ளன.

ஆங்கில ஊர் மண்டபமும் இதில் பங்கு பெறுகிறது. முதல் உலகப்போருக்குப்பின், மாண்ட வீரர்களின் நினைவாகப் பல சிற்றூர்களில் மண்டபங்கள் எழுந்தன. அவற்றின் சுவரில் மாண்டவர் பெயர்கள் பொறிக்கப்பட்டன. மண்டபத்துக்குள் நடனத்துக்கு நுழைபவரும் அப்பெயர்களைக் கடந்தே நுழைகின்றனர்.

ஆங்கிலேயரின் ஊர் வரலாறு குறையற்றதன்று. பழமை ஏக்கம் அதன் பெருநோய். ஆயினும் அதற்கு ஓர் அடித்தளம் உண்டு. 1538 முதல் தேவாலயங்களில் பிறப்பும் மணமும் இறப்பும் பதிவாகி வந்துள்ளமையால், ஒரு கூலியாளின் பெயரையும் நானூறு ஆண்டுக்குப்பின் தேடிக் காண இயலும். தோட்டத்தில் பிறந்தவர்க்கு அத்தகைய பதிவேடு எது என்பதே நம் வினா.

மண்டபம்

ஊரார் கூடும் இடத்துக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. மன்றம், பொதியில், அம்பலம், அவை, சாவடி என அவை நீளும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள், சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கோயில் மண்டபச் சுவரிலேயே பொறித்து வைத்தன. கூடும் இடமே பதிவேடாகவும் விளங்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

தோட்ட மண்டபம் இம்மரபில் வந்ததன்று. நிருவாகம் கட்டிக்கொடுத்த கட்டடம். அரைச் சுவர், துத்தநாகக் கூரை, ஒரு முனையில் மேடை, பக்கத்தில் ஆயாக்கொட்டகை, சற்றுத் தொலைவில் கோயில் என்ற அமைப்பைப் பல தோட்டங்களில் காணலாம். ஆயினும் கட்டியவரின் நோக்கத்தோடு மண்டபம் நின்றுவிடவில்லை. திருமணமும் காதுகுத்தும் அங்கே நடந்தன. அரசின் தகவல் இலாகா வாகனம் படம் காட்ட வந்தபோது வெள்ளைத்துணி அங்கே கட்டப்பட்டது. தொழிற்சங்கக் கூட்டமும் அங்கேயே. நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் தொண்டைத் தொடங்கிய பி.பி. நாராயணன், 1954இல் மாநிலச் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் பொதுச்செயலாளரானார். 1952இல் கோ. சாரங்கபாணி தொடங்கிவைத்த தமிழர் திருநாள் சிங்கப்பூரிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கும் பரவியபோது, பேச்சுப்போட்டியும் நாடகமும் ஏறிய மேடை இம்மண்டப மேடையே. இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர் பலருக்கு முதல் அவை இதுவாக இருந்தது.

இத்துணைச் செறிந்த பொருளை மலர்கள் எவ்வாறு எழுதுகின்றன? நாம் கண்டவற்றுள் பெரும்பாலானவை, மண்டபம் எந்த மேலாளர் காலத்தில் கட்டப்பட்டது, யார் திறந்துவைத்தார், பின்னாளில் எந்த அரசியல் தலைவரின் மானியத்தில் கூரை மாற்றப்பட்டது என்னும் மூன்று செய்திகளோடு நிறைவு செய்கின்றன. கொடுத்தவரின் வரலாறு இருக்கிறது. கூடியவரின் வரலாறு இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் சயாம் இரயில் பாதை வேலைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மீளாதவர் பல்லாயிரவர். நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நாம் பார்த்த தோட்ட மண்டபங்கள் எவற்றிலும் மீளாதவர் பெயர் தாங்கிய பலகை இல்லை. மலர்களிலும் அவர்கள் ஒரு தொடரில் கடந்துபோகின்றனர். ஆர். சண்முகம் போன்றோரின் நாவல்கள் அத்துயரை எழுதின. நாவல் துயரைச் சொல்லும். பெயர்ப்பட்டியலைத் தருவது ஊர் வரலாற்றின் கடமை.

நிழற்படம்

தோட்டங்களை முதலில் படமெடுத்தோர் தோட்டத்தார் அல்லர். 1908இல் இலண்டனில் வெளியான, இருபதாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் மலாயாவைப் பற்றிய ரைட், கார்ட்ரைட் தொகுப்பில் தோட்டங்கள் படங்களோடு விவரிக்கப்படுகின்றன. ஹாரிசன்ஸ் கிராஸ்பீல்டு நிறுவனத்தின் ஆவணங்களும் படங்களும், முன்பு கில்டுஹால் நூலகத்திலும் பின்பு இலண்டன் மாநகர ஆவணக் காப்பகத்திலும் பேணப்பட்டு வருகின்றன. முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு இலண்டனில் இருந்த நாளில் இத்தகைய படங்களை நாம் நெடுநேரம் பார்த்திருக்கிறோம். பங்குதாரருக்கும் முதலீட்டாளருக்கும் காட்ட எடுக்கப்பட்ட படங்களில் மரத்தின் வயது, நிலத்தின் பரப்பு, இயந்திரத்தின் வகை, மேலாளரின் பெயர் ஆகியன குறிக்கப்படும். மரத்தருகே நிற்கும் தொழிலாளி, மரம் எத்துணைப் பெரியது என்பதைக் காட்டும் அளவுகோலாக நிற்கிறார். அவருக்குப் பெயர் தேவைப்படவில்லை.

தோட்டத்தார் தமக்கென எடுத்துக்கொண்ட படங்கள் பின்னரே வந்தன. 1948இல் அவசரகாலம் பிறந்தபோது 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் படத்தோடும் கைரேகையோடும் கூடிய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. தோட்டத்து முதியோர் பலர் வாழ்நாளில் எடுத்துக்கொண்ட முதற்படம் அதுவே. கண்காணிப்புக்காக எடுக்கப்பட்ட அப்படம் பின்னாளில் பெரிதாக்கப்பட்டு, மாலையிடப்பட்டு, வீட்டுச் சுவரில் தெய்வமானது. இதன்பின் கல்யாணப்படம், பள்ளி வகுப்புப்படம், திருவிழாப்படம், மண்டப வாயிலில் வரிசையாக நின்ற குழுப்படம் ஆகியன வந்தன.

மலர்கள் மறுபதிப்புச் செய்பவை பெரும்பாலும் இக்குழுப்படங்களையே. அவற்றின் விளக்கக் குறிப்பில் ஓர் இலக்கணம் தவறாது நிற்கிறது. நாற்காலியில் அமர்ந்த முதல் வரிசைக்குப் பெயருண்டு: மேலாளர், பெரிய கிராணி, கண்டக்டர், தலைமையாசிரியர், கோயில் தலைவர். நிற்கும் வரிசைகள் 'தோட்ட மக்கள்' எனவோ 'பொதுமக்கள்' எனவோ ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. 1908ஆம் ஆண்டுத் தொகுப்பின் இலக்கணம் இது. துரைமார் போனபின்னும் அவர்களின் விளக்கக் குறிப்பு போகவில்லை என்பதே நம் மதிப்பீடு.

இக்குறையினின்று நாமும் நீங்கியவர் அல்லேம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் கட்டுரை படைத்தபோது, இவ்வட்டாரத்து மலர் ஒன்றிலிருந்து மண்டப முன்றிலில் எடுத்த குழுப்படத்தைத் திரையில் காட்டினோம். 'தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், 1950கள்' என்று அதன்கீழ் எழுதியிருந்தோம். அவையில் எவரும் அதை வினவவில்லை.

ஒரு படமும் ஒரு மூதாட்டியும்

அதே படத்தின் படியை, அத்தோட்டத்தில் பால்வெட்டி ஓய்வுபெற்று, தற்போது மகனோடு மலிவு விலை அடுக்ககத்தில் வாழும் ஒரு மூதாட்டியிடம் பின்னர்க் காட்டினோம். தோட்டத்தின் பெயரையும் அவர் சொன்ன பெயர்களையும் இங்குத் தரவில்லை. மலர்க்குழுவினர் இரவுப்பொழுதுகளில் ஊதியமின்றி உழைத்தவர்கள். அவர்களைச் சுட்டிக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. பெயர்களோ அக்குடும்பங்களின் உடைமை. அவற்றுக்கு உரிய இடம் மலரின் அடுத்த பதிப்பே.

மூதாட்டி முதலில் விளக்கக் குறிப்பைப் படிக்கச் சொன்னார். படித்தோம். "ஏன் தம்பி, நிக்கிறவங்களுக்கெல்லாம் பேரு இல்லியா?" என்று கேட்டார். பின்னர் விரலை வைத்து ஒவ்வொரு முகமாகச் சொல்லிக்கொண்டு போனார். மலர் பெயரிட்டவர் அறுவர். அவர் ஒருமணி நேரத்தில் பெயரிட்டவர் பத்தொன்பதின்மர். இன்ன லயத்து இத்தனையாவது வீடு, இன்னாருக்கு மருமகள், இன்ன நிரையில் மரம் வெட்டியவர் என்றே அவர் மனிதரை இடம்காட்டினார். படத்தில் நின்ற வரிசை அவருக்குப் பொருட்டாகவே இல்லை. லயத்தின் வரிசையே அவரது பதிவேடு.

மலர் அப்படத்தை மண்டபத் திறப்பு விழா என்று குறித்திருந்தது. "அது தொறப்பு விழா இல்ல. பெரிய கிராணி மாத்தலாகிப் போனாரே, அன்னைக்கு எடுத்தது," என்றார் அவர். அதன்பிறகே நாம் படத்தைப் பார்த்தோம் எனல் வேண்டும். மாலை மேலாளரின் கழுத்தில் இல்லை. கிராணியின் கழுத்தில் இருக்கிறது. மண்டபப் படிக்கட்டின் நடுப்பகுதி காலடி பட்டுத் தேய்ந்திருக்கிறது. அன்று திறந்த மண்டபத்துக்கு அத்தேய்வு வாராது. வலப்புறக் கோடியில் முள்கம்பி வேலி தெரிகிறது. அவசரகாலத்தில் லயங்களைச் சுற்றியிட்ட வேலியே அது என்றார் மூதாட்டி. பலமுறை கண்ட நமக்கு இம்மூன்றும் புலப்படவில்லை. ஆவணத்தைப் படிக்கக் கற்ற நாம் படத்தைப் படிக்கக் கற்கவில்லை.

இறுதியில் அவர் உள்ளே சென்று ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதனுள் அதே படத்தின் பழைய படி இருந்தது. அது மலரில் வந்ததைவிட அகலமானது. பக்க அளவுக்குப் பொருந்துமாறு மலரில் இடப்புறம் வெட்டப்பட்டிருந்தது. வெட்டுண்ட பகுதியில் இரு பெண்களும் ஒரு சிறுவனும் நின்றனர். அவ்விரு பெண்களுள் ஒருவர் மூதாட்டியின் தாயார். "எங்கம்மா இங்க நிக்கிறாங்க. புஸ்தகத்துல இல்ல," என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை; நமக்கும் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

ஒரே நூலுள் பிரிந்து நிற்பவை

வீடு திரும்பி அம்மலரை மீண்டும் முதலிலிருந்து இறுதிவரை படித்தோம். வாழ்த்துரைகள், தலவரலாறு, படங்கள், விளம்பரங்கள் ஆகியவற்றைக் கடந்து இறுதிப் பக்கங்களில் நன்கொடையாளர் பட்டியல் நீள்கிறது. ஐந்து ரிங்கிட், பத்து ரிங்கிட் கொடுத்தோரின் பெயர்கள் சிறிய எழுத்தில், நெருங்கிய வரிசையில் உள்ளன. மூதாட்டி படத்தில் சுட்டிய பெயர்களுள் பல அங்கே இருக்கக் கண்டோம். முகங்கள் நூலின் முற்பகுதியில், பெயர்கள் பிற்பகுதியில். இரண்டும் ஒரே அட்டைக்குள் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. மலரின் குறை தகவல் இன்மையன்று. தன்னிடம் உள்ளவற்றை இணைக்காமையே.

இங்கு இன்னொன்றையும் கூறல் வேண்டும். நன்கொடைப் பட்டியல் குடும்பத் தலைவரின் பெயரில் அமைவது. 'குடும்பத்தினர்' என்ற சொல்லுள் பெண்கள் மறைந்துவிடுகின்றனர். மூதாட்டியின் தாயார் அப்பட்டியலிலும் இல்லை. ஆயின் அவர் பெயர் எங்கே இருந்திருக்கும்? தோட்ட அலுவலகத்தின் செக்ரோலில் இருந்திருக்கும். பால்வெட்டிய பெண்ணுக்குக் கூலி அவர் பெயரிலேயே கணக்கிடப்பட்டது. நிருவாகம் கூலிக்காக எழுதிய பெயரை, சமூகம் தன் வரலாற்றில் எழுத மறந்துவிட்டது. தன் ஏட்டையே ஊர் வரலாறாகக் கருதும் எவருக்கும் இது கசக்க வேண்டிய செய்தி.

ஆகவே தோட்டத்தாரின் பதிவேடு எது என்ற முன்னை வினாவுக்கு விடை கிட்டுகிறது. அது ஒன்றன்று; சிதறிய பல. செக்ரோல், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் வரவுசெலவு நோட்டு, சங்கக் கிளையின் கூட்டக் குறிப்பு, அடையாள அட்டைப் படம், பிஸ்கட் டின்னில் உள்ள குழுப்படம் ஆகியன சேர்ந்தே நம் பதிவேடாகின்றன. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி நடத்தும் கடமையை முதலாளிக்கு விதித்தமையால், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள் பழமையானவையாக இருத்தல் கூடும். தோட்டம் கைமாறும்போதும் கட்டடம் இடிபடும்போதும் முதலில் குப்பைக்குச் செல்பவையும் இவையே.

அண்டைத் தோட்டங்கள்

மலர்களின் மற்றொரு வரம்பு அவற்றின் எல்லைக்கல்லாகும். ஒவ்வொரு மலரும் தன் தோட்டத்தை ஒரு தீவாகவே எழுதுகிறது. படத்தில் இருந்தோருள் நால்வர் அண்டைத் தோட்டத்தார் என மூதாட்டி குறித்தார். ஒருவர் உறுமி அடிக்க வந்தவர். ஒருவர் பெண் கொடுத்த வீட்டார். பெண் எடுத்தல், திருவிழாவுக்குக் காவடி கொண்டுசெல்லுதல், காற்பந்தாட்டம், நாடகக்குழுப் பரிமாற்றம், கூலி கூடுதல் என்று கேட்டு இடம்பெயர்தல் ஆகிய அனைத்தும் தோட்ட எல்லையைக் கடந்தே நிகழ்ந்தன. கம்பெனியின் வரைபடமே தோட்டங்களைப் பிரித்தது. மக்களின் வாழ்வு பிரிக்கவில்லை.

லெஸ்டர் துறையைச் சார்ந்த பித்தியன் ஆடம்ஸ், 1987இல் ஆங்கில வட்டார வரலாற்றை மறுசிந்தனை செய்தபோது, தனியொரு ஊரை அலகாகக் கொள்ளாது, பரந்த வட்டாரங்களையும் நோக்குமாறு வலியுறுத்தினார். அக்கருத்து நமக்குப் பெரிதும் பொருந்தும். லிங்கி ஆற்றுப்படுகையைச் சார்ந்த ரந்தாவ், சிலியாவ் தோட்டங்கள் ஒரு சுற்றம்; பகாவ் பகுதியின் ஜெராம் பாடாங், கெடிஸ் முதலிய தோட்டங்கள் வேறொரு சுற்றம். ஒரு மலரில் பெயரற்றவர் அடுத்த தோட்டத்து மலரில் பெயரோடு இருத்தல் கூடும். மலர்களை அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் அது தெரியவரும்.

இப்பணிக்குக் காலம் குறைவு. 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோதே குடும்பங்கள் சிதறத் தொடங்கின. உங்கு அசிஸ் 1962இல் வெளியிட்ட ஆய்வறிக்கை அதற்குச் சான்று. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அதற்கு எழுந்த மறுமொழி. பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். 1990கள் முதல் நீலாய், லாபு, செண்டாயான் பகுதிகளில் தோட்ட நிலங்கள் புதுநகரங்களாயின. லுக்குட் அருகே ஸ்பிரிங்ஹில் என்னும் புதுநகரின் பெயரை இன்று ஒரு தமிழ்ப்பள்ளி தாங்கி நிற்கிறது. ஆங்கிலப் பெயர்கள் இவ்வட்டாரத்தை விட்டு நீங்கவில்லை. அவற்றின்கீழ் வாழ்ந்த தமிழ்ப் பெயர்களே நீங்கிக்கொண்டிருக்கின்றன.

நிறைவுரை

மலர்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பல்கலைக்கழகம் எழுதாத வரலாற்றை எழுதியவை அவை. ஆனால் அடுத்த மலர் வேறுவிதமாக அமைய வேண்டும். பழைய படம் எதையும் வெட்டாது முழுமையாக வெளியிடுதல். நிற்பவர்க்கும் அமர்ந்தவர்க்கும் ஒரே அளவு எழுத்தில் பெயரிடுதல். பெயரோடு லயத்தையும் தொழிலையும் குறித்தல். பெயரைச் சொன்னவர் யார், படத்தைப் பேணியவர் யார் எனப் பதிதல். அண்டைத் தோட்டத்து மலர்க்குழுவோடு படிகளைப் பகிர்தல் ஆகியன பெருஞ்செலவு வேண்டாதவை.

இதற்குரிய இடமும் நாளும் நம்மிடம் உண்டு. தோட்டம் போனபின்னும் ஆண்டுத் திருவிழாவுக்கு மாரியம்மன் கோயிலை நாடிச் சிரம்பானிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் மக்கள் திரும்பி வருகின்றனர். அன்று மண்டபத்தில் ஒரு நீண்ட மேசையிட்டுப் படங்களைப் பரப்பி, அருகே ஒரு நோட்டும் எழுதுகோலும் வைத்தால் போதும். கூடும் இடமே பதிவேடாகும் பழைய மரபு மீண்டுவிடும். இத்துறை மாணவர்கள் அம்மேசையருகே அமர்ந்து கேட்டு எழுதுவது, பட்டப்படிப்பு ஆய்வேட்டுக்குரிய தகுதி வாய்ந்த பணி என்பதையும் நாம் ஏற்க வேண்டும்.

வீரனுக்குக் கல் நட்ட நம் முன்னோர், கல்லோடு நிற்கவில்லை. பெயரையும் செயலையும் அதில் பொறித்தனர். பெயர் பொறிக்காத கல்லை அடுத்த தலைமுறை வெறுங்கல்லாகவே காணும். நாம் திரையில் காட்டிய படத்துக்கு இனி வேறு விளக்கம் எழுதியிருக்கிறோம். அதில் பத்தொன்பது புதிய பெயர்கள் உள்ளன. இடப்புறம் வெட்டுண்ட பகுதியும் சேர்க்கப்பட்டுள்ளது. எஞ்சிய முகங்களை அறிந்தவர் இவ்வட்டாரத்தின் ஏதோ ஓர் அடுக்ககத்தில் இருக்கக்கூடும். அவரைத் தேடிச் செல்வதே இனி நாம் செய்ய வேண்டியது.